புற்றில்லாத பாம்பு

பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்களை நம் ஊரில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஏஃபல் கோபுரம் ஏறினீர்களா, லூர்துக்குப் போனீர்களா, குளிர் தாங்கினீர்களா. கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் என்னையும் கேட்டார்கள். "ஏழு மாதம் ஒரு பாம்பைப் பார்த்துக்கொண்டேன்" என்றேன். சிரித்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், கரப்பான் பூச்சிக்கே நாற்காலியில் ஏறுகிறவன், பாம்பு வளர்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

என் மருமகன் சொல்தா குடும்பத்துப் பிள்ளை. மகளும் அவரும் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் நானும் மனைவியும் அங்கே போனோம். மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். பேரனுக்கு அப்போது பதினைந்து வயது, லிசேயில் படித்துக்கொண்டிருந்தான். பகலெல்லாம் வீட்டில் நாங்கள் இரண்டு கிழங்கள்தான்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய சாமான் போட்டு வைப்பார்கள். சைக்கிள் எடுக்கப் போன பேரன், பக்கத்து அறைக் கம்பிக் கதவு வழியாக ஒரு மீன் தொட்டியில் மங்கலான சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறான். உள்ளே பாம்பு. மேல்மாடியில் குடியிருந்த ஒரு வாலிபன் பள்ளியில் படிக்கும்போது ஆசையாக வாங்கியதாம். பிறகு கூட வந்து தங்கிய பெண்ணுக்குப் பயம் என்று நிலவறைக்கு அனுப்பிவிட்டான். ஞாபகம் வரும்போது எலி போடுவான். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. "வேணும்னா எடுத்துக்கோ, இல்லேன்னா யார்கிட்டயாவது தள்ளிவிடணும்" என்று சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 29, சனிக்கிழமை. பேரனும் அவன் நண்பனும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகள் கத்தினாள். மனைவி பூஜை அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன்.

மூன்றரை அடி நீளம் இருக்கும். கறுப்பும் தேன் நிறமும் கலந்த அழகான திட்டுகள். ஆனால் உடம்பு உருண்டையாக இல்லை. முதுகெலும்பு மேலே கூரை முகடு மாதிரி நிற்க, இரண்டு பக்கமும் தோல் சரிந்திருந்தது. பழைய சட்டை முழுதாக உரியாமல் கழுத்திலும் வாலிலும் காய்ந்த வெங்காயத் தோல்போல ஒட்டியிருந்தது. விளக்கில் பட்டு முதுகில் ஓர் இடத்தில் சுட்ட தழும்பு. தண்ணீர்க் கிண்ணம் வறண்டு கிடந்தது. பாம்பு தலையை உள்ளே வைத்து, உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாக்கிக்கொண்டு மூலையில் கிடந்தது.

இப்படிப் பந்தாகிக்கொள்வதால்தான் ஆங்கிலக்காரன் இதைப் பந்து மலைப்பாம்பு என்கிறான். பிரெஞ்சில் இதன் பெயர் 'பித்தோன் ருவாயல்', அரச மலைப்பாம்பு. 1802இல் வைத்த அறிவியல் பெயரிலும் 'ரெஜியஸ்', அதாவது அரசனுக்குரியது என்றே இருக்கிறது. விஷம் கிடையாது. நம் ஊர் மலைப்பாம்பு மாதிரி இருபது அடி பேச்செல்லாம் இதற்கு இல்லை. முழு வளர்ச்சியில் மூன்றிலிருந்து ஐந்து அடி. ஆணைவிடப் பெண் பெரிது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த வாலிபனிடமிருந்து எழுதி வாங்க வேண்டும் என்றேன். எப்போது வாங்கியது, எங்கே வாங்கியது, இன்றிலிருந்து யார் பொறுப்பு. உலகம் முழுக்க இந்த இனத்தின் வியாபாரம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டது. காகிதம் இல்லாத பாம்பு பிறகு யாருக்கும் தலைவலி. முப்பத்தாறு வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது கூடவா தெரியாது? பழைய ரசீதையும் சேர்த்து வாங்கினோம். அதன்படி பாம்புக்கு எட்டு வயது.

அடுத்த புதன்கிழமை கால்நடை மருத்துவரிடம் போனோம். நாய் பூனை அல்லாத பிராணிகளைப் பார்ப்பதற்கென்றே அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். 'புது வகைத் தோழமைப் பிராணிகள்' என்று பிரெஞ்சில் அதற்கு ஒரு தொடரே வைத்திருக்கிறார்கள். ஓர் அம்மாள். முதலில் வாயைத் திறந்து பார்த்தார். சளி நுரை இல்லை, மூச்சில் சத்தம் இல்லை, நல்லது என்றார். கண்ணைப் பார்த்தார். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிபோல ஒரு செதில் இருக்கும், சட்டையோடு சேர்ந்து அதுவும் உரிய வேண்டும். இதற்கு இரண்டு கண்ணிலும் பழைய செதில் தங்கிவிட்டிருந்தது. செதிலின் இடுக்கில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள், உண்ணிப் பூச்சி. எடை 790 கிராம். இந்த வயதுப் பெண் பாம்பு ஒன்றரைக் கிலோவாவது இருக்க வேண்டுமாம்.

பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு நாளாக என் மனைவி தூரத்தில் நின்றபடி "ராஜா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ராணி.

மருத்துவர் ஊசி போடுவார், டானிக் எழுதுவார் என்று நினைத்தேன். பூச்சிக்கு ஒரு மருந்து கொடுத்தார். மற்றபடி ஒரு தாளில் பிரெஞ்சில் வரிசையாக எழுதினார். இரண்டு வாரம் கையில் எடுக்காதீர்கள். ஒரு வாரம் இரை கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும். பிறகும் பெரிய எலி வேண்டாம். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையப் போட்டால் உடம்பே தாங்காது. கண் செதிலையும் ஒட்டிய தோலையும் யாரும் பிய்க்கக்கூடாது. இருக்கும் இடம் சரியானால் அடுத்த சட்டையோடு தானாக வரும். எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கோடு போட்டு எழுதியது: ஒளிந்துகொள்ள இடம், இரண்டு.

பேரன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அந்தத் தாளை உட்கார்ந்து படிக்க நான்தான் இருந்தேன். கல்வே கல்லூரியில் பிரெஞ்சு மொழியில் படித்த படிப்பு, புதுச்சேரி அரசாங்கத்தில் சேர்ந்த பிறகு பழைய சிவில் பத்திரங்களை வாசிக்கத்தான் பயன்பட்டது. எழுபத்து நான்கு வயதில் ஒரு பாம்புக்குப் பயன்படும் என்று என் ஆசிரியர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா: கானா, தோகோ, பெனின் பக்கம். பெனினை நாங்கள் பள்ளிக்கூடத்தில் தகொமே என்று படித்தோம். பழைய பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு பகுதி. 1960இல் விடுதலை பெற்று, 1975இல் பெனின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த நாட்டில் விதா என்னும் ஊரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அதற்கு எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம். பாம்பு யார் வீட்டுக்குள் வந்தாலும் அடிக்காமல் மரியாதையாகக் கொண்டுபோய்க் கோயிலில் விடுவார்களாம். அதே நாடுகளிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்கு ஏற்றுமதியும் ஆகின்றன.

இவை வெட்டவெளியில் வாழ்பவை அல்ல. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடந்து, இரவில் வெளியே வரும். அந்தப் புற்றுக்குள் வெப்பமும் இருக்கும், ஈரமும் இருக்கும், உடம்பு நாலு பக்கமும் மண்ணில் படும்படி இறுக்கமாகவும் இருக்கும்.

இதை மனைவியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்த கை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளா அதைப் புத்தே இல்லாம வச்சிருந்தானா? பாவி!" என்றாள். நான் பத்துப் பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அந்த வாலிபன் எலி போடாததைத்தான் நாங்கள் எல்லோரும் குற்றம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எலி போட்ட நாளிலும் அது சாப்பிட்டிருக்காது. நாலு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் விளக்கு, ஒதுங்க இடம் இல்லை. பயந்த பாம்பு இரை எடுக்காது. குளிர்ந்த பாம்பு எடுத்தாலும் செரிக்காது. உள்ளேயே கெட்டுப்போய்க் கக்கிவிடும்.

எனவே நாங்கள் கட்டியது ஒரு புற்று. நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் பழைய மரப் பெட்டி ஒன்றை, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது, மருமகன் தேடிப் பிடித்தார். ஒரு மூலையில் வெப்பம் 32 டிகிரி, எதிர் மூலையில் 26. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. சூடு வேண்டும்போது இங்கே, போதும் என்றால் அங்கே என்று நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு மறைவிடம் வேண்டும். ஒன்றுதான் இருந்தால், ஒளிவதா சூடு தேடுவதா என்று அது திண்டாடும். சூட்டுக் கருவிக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாததால் வந்ததுதான் முதுகுத் தழும்பு. விளக்கைப் பாம்பு தொட முடியாதபடி கம்பிக்கூடு. உடம்பு முழுக்க இறங்கி உட்காரும் அளவு தண்ணீர்த் தட்டு.

முதல் ஒரு மாதம் தரையில் வெள்ளைக் காகிதம்தான். உண்ணி இருந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? பூச்சி ஒழிந்த பிறகு கடையில் செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக ஒன்றை வாங்கி வந்தான் பேரன். தண்ணீரில் போட்டால் ஊறி உதிரும். பார்த்தால் நம் தேங்காய் நார்த்தூள்! நம் பக்கத்து வீட்டு வாசலில் சும்மா கிடப்பது, பாரிசில் ஆப்பிரிக்கப் பாம்புக்கு மெத்தையாகப் போகிறது.

ஈரப்பதம்தான் பெரிய பாடு. ஐரோப்பியக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பக் குழாய் ஓடும். காற்று அப்பளம் காயும் அளவுக்கு உலர்ந்துவிடும். என் உதடும் மனைவியின் குதிகாலும் வெடித்திருந்தன. அறையில் ஈரப்பதம் 35 சதம்; பாம்புக்குக் குறைந்தது 60 வேண்டும். நார்த்தூளில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது, காற்றுத் துளைகளில் பாதியை மூடுவது, ஒரு மறைவிடத்தில் ஈரப்பாசி வைப்பது என்று தினமும் காலை என் வேலை. ஆனால் சொதசொதவென்று இருக்கவும் கூடாது. வயிற்றுத் தோல் அழுகும்.

கை சும்மா இருக்குமா? நூறு பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம், ஈரப்பதம், தண்ணீர் மாற்றியது, இரை, கழிவு, எடை, குறிப்பு. எடை வாரம் ஒருமுறை, இதற்கென்றே வாங்கிய தராசில். பேரன் முதலில் சிரித்தான். "தாத்தா, இது ஆபீஸா?" என்றான்.

அந்த நோட்டுதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. நவம்பர் 19: இரை வைத்தோம், தொடவில்லை. நவம்பர் 29: தொடவில்லை. டிசம்பர் 9: தொடவில்லை. உயிருள்ள எலி கொடுப்பதில்லை. அது பாம்பையே கடித்துக் குதறிவிடக்கூடும். உறைய வைத்த எலியை வாங்கி, உருகவிட்டு, வெந்நீரில் உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்ட வேண்டும். பாம்பின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகள் சூட்டைக் கண்டுபிடிக்கும். ஆறிய எலி அதற்குக் கல் மாதிரி. வீட்டுக் குளிர்பெட்டியில் எலி வைக்க மகள் சம்மதிக்கவில்லை. பால்கனியில் சின்னதாக ஒன்று, பழையது, வாங்கி வைத்தோம்.

மூன்றாவது முறையும் தொடாதபோது பேரன் கண்ணில் தண்ணீர். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா, வெளியே எடுத்துத் தடவிக் கொடுத்தால் நம்மைப் பழகிக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டான். மனைவி, "ஒரு சொட்டு பால் வச்சுப் பாருங்களேன்" என்றாள். பால் பாம்பின் ஆகாரமே இல்லை, அதைச் செரிக்க அதன் வயிற்றுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வைக்கவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "எடை எவ்வளவு?" என்றார். நோட்டைப் பார்த்து வாசித்தேன்: 790, 796, 801, 799, 800. "குறையவில்லையே மிசே, காத்திருங்கள்" என்றார். தண்ணீர் குடித்து உடம்பு தேறிக்கொண்டிருந்தது. இந்த இனம் நல்ல ஆரோக்கியத்திலேயே மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருக்கும் என்றும் சொன்னார். கண்ணாடிக் கதவில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, யாரும் போய் எட்டிப் பார்ப்பதில்லை என்று வீட்டில் கட்டுப்பாடு போட்டோம்.

சொல்வது எளிது. பசியோடு ஒரு ஜீவன் வீட்டுக்குள் இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் உட்காருவது எங்கள் மாதிரி ஆட்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். வந்தவருக்கு இலையில் போட்டுக்கொண்டே இருப்பதுதான் நமக்கு அன்பு. இந்தப் பாம்புக்கு அன்பு என்பது கதவைச் சாத்திவிட்டுப் போவது.

டிசம்பர் 20, இரவு ஒன்பதேகால். விளக்கை அணைத்துவிட்டு, பேரன் இருபத்தைந்து கிராம் சுண்டெலியை இடுக்கியில் பிடித்து மறைவிட வாயருகே கொண்டு போனான். நாக்கு நாலைந்து முறை வெளியே வந்தது. பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பாய்ச்சல். சுற்றிக்கொண்டு அப்படியே கிடந்தது. கால்மணி கழித்துத் தலைப்பக்கமிருந்து விழுங்கியது. நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். சமையலறையிலிருந்து மனைவி மெல்லிய குரலில், "சாப்பிட்டாளா?" என்றாள். நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த இரண்டு நாள் யாரும் பெட்டியைத் தொடவில்லை. இரை எடுத்த பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும்.

அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை. பிப்ரவரியில் கண்கள் பால் ஊற்றியதுபோல நீலம் பூத்தன. சட்டை உரிக்கப் போவதற்கு அடையாளம். ஈரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். எட்டு நாள் கழித்து ஒரு காலை பார்த்தால், பெட்டிக்குள் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே சட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தலைப் பகுதியைப் பார்த்தோம். இரண்டு கண் செதிலும், பழையதும் புதியதும் ஒட்டியபடி, அதிலேயே இருந்தன. யாரும் பிய்க்கவில்லை. ராணி கறுப்புக் கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் எடை 1,020 கிராம். நாங்கள் ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. மருமகன் என்னிடம் தனியாக, "மாமா, நீங்க போன பிறகு இதை யார் பார்க்கிறது? எங்கேயாவது காப்பகத்தில் கொடுத்துடலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தப் பாம்பு வளர்ப்பில் இருபது, முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒன்று, 2020இல் அறுபது வயதைத் தாண்டி முட்டையிட்டது. எனக்கு வயது எழுபத்து நான்கு. நான் எந்த வாக்குறுதியும் கொடுக்க முடியாது.

பேரனை உட்கார வைத்துச் சொன்னேன். "இதுக்கு இப்ப எட்டு வயசு. முப்பது வரைக்கும் இருந்தா உனக்கு முப்பத்தேழு. நடுவுல நீ ஊர் மாறுவே, வேலை மாறுவே, கூட வர்ற பொண்ணுக்குப் பயமா இருக்கலாம். மேல்வீட்டுப் பையனும் கெட்டவன் இல்லை. அவனும் உன் வயசுலதான் வாங்கினான். யோசிச்சுச் சொல்லு. வேணாம்னா வெட்கமில்லை, நல்ல இடம் நானே தேடித் தரேன்." இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அவசரப்பட்டு உடனே சரி என்று சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். மூன்றாம் நாள், "பார்த்துக்கறேன் தாத்தா. முடியாத நாள் வந்தா நிலவறைல போட மாட்டேன், சரியான ஆள்கிட்ட கொடுப்பேன்" என்றான்.

அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்பதுபோல நோட்டில் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவன் இன்றுவரை எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை வாட்சப்பில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவான். சென்ற மாதம் 1,580 கிராம்.

வெளிநாட்டில் பேரன் பேத்திகள் இப்படி ஒரு பிராணியைக் கேட்கிறார்கள் என்று சொல்லும் நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். பாம்பு இலவசமாக வந்தது. பெட்டி, தெர்மோஸ்டாட், மருத்துவர் எல்லாம் சேர்த்து நானூறு யூரோ ஆயிற்று. முதலில் பெட்டியைத் தயார் செய்து, இரண்டு நாள் வெப்பத்தை அளந்து பார்த்துவிட்டுப் பாம்பைக் கொண்டுவருவது நல்லது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், நம் வயதுக்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டால், நுரை வந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எடை குறையாதவரை பட்டினிக்குப் பயப்பட வேண்டாம்.

நம் நாட்டில் கதை வேறு. நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். வாய்க்காலிலோ கரும்புத் தோட்டத்திலோ கண்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த அரச மலைப்பாம்பு போன்ற சைட்டிஸ் பட்டியல் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக் கடத்தி வரும் இந்தக் குட்டிகளைச் சுங்கத்துறையினர் பிடித்த செய்திகளைப் பேப்பரில் பார்க்கும்போது, என் மனைவி எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறாள்.